டாக்டர் எழுதிய வார்த்தை

மார்ச் 4

அன்பு மனைவிக்கு,

நானும் மகளும் நலம். போனில் கேட்டால் சண்டையாகிவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய பாராட்டுச் சான்றிதழ் வந்தது. கடையில் மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்தவன் கையைத் துடைத்துக்கொண்டு படித்தேன். நீ வேலை பார்க்கும் முதியோர் இல்லத்து டாக்டர் உன்னைப் பற்றி ஆங்கிலத்தில் 'எவின்ஸஸ்' என்று எழுதியிருப்பது மட்டும் புரியவில்லை. கடைக்குப் பக்கத்தில் இருக்கும் வக்கீலிடம் காட்டினேன். "மனசுல இருக்கறது வெளியில தெரியற மாதிரி காட்டறதுன்னு அர்த்தம். உங்க வீட்டுக்காரம்மா அபூர்வமான கனிவு காட்டறாங்களாம்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காட்டுகிறாள் என்பதற்குச் சாதாரணமாக 'ஷோஸ்' என்று எழுதினால் ஆகாதா? வார்த்தை தேடிப் பிடித்து எழுதுகிற அளவுக்கு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாரா? போனில் எனக்கு நீ காட்டுவதெல்லாம் அவசரம்தான்.

அவருக்கு என்ன வயது? சும்மாதான் கேட்கிறேன்.

உன் கணவன்

மார்ச் 19

என்னங்க,

சும்மா கேட்டதாகவே வைத்துக்கொள்கிறேன். டாக்டருக்கு நாற்பத்தைந்து இருக்கும். ஆள் லட்சணமாகத்தான் இருக்கிறார். போதுமா?

இங்கே ஒரு தாத்தா சாகக் கிடந்தார். ஊட்டிய சூப்பை என் மேலேயே துப்பினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஊட்டினேன். டாக்டர் வாசலில் நின்று பார்த்திருக்கிறார். அவ்வளவுதான் கதை.

அத்தை நம் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்த காலமெல்லாம் இதையேதான் செய்தேன். நீங்கள் வாசலில் நிற்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனீர்கள். கடைசி நாள், பெற்ற மகன் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, "அவளக் கூப்பிடு, அவ கையப் பிடிச்சுக்கணும்" என்றார்கள். உங்கள் முகம் சுண்டிவிட்டது. எழுந்து வெளியே போனீர்கள். எனக்கு அந்தக் கடிதத்தை எழுதும்போதும் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள். இங்கே நான் செய்வது யார் கண்ணிலாவது படுகிறது. வரவா, இருக்கவா? நீங்களே சொல்லுங்கள்.

மகளின் இருமல் நின்றதா?

உங்கள் மனைவி

ஏப்ரல் 6

அன்புள்ளவளுக்கு,

இருமல் நின்றுவிட்டது.

உன் கடிதம் வந்த அன்று ஒரு மோட்டாரைத் தப்பாகச் சுற்றிப் புகைய விட்டேன். உன் மேல் கோபம் கோபமாக வந்தது. ஆனால் நீ எழுதியதில் பொய் என்று சொல்ல ஒரு வரிகூட இல்லை.

இரண்டு வருடம் இரு. கசப்போடு சொல்லவில்லை. கொஞ்சம் கசப்பு இருக்கிறது, அது என்னோடு கிடக்கட்டும்.

மகளுக்குப் பரீட்சை முடிந்ததும் கடையைப் பூட்டிவிட்டு நாங்கள் இருவரும் அங்கே வருகிறோம். ஒரு மாதம் தங்குவோம். நீ வேலை செய்யும் அறை வாசலில் ஒரு நாற்காலி போட்டுக்கொள்ள விடுவார்களா? குறுக்கே பேசமாட்டேன். உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அனுமதியை அந்த டாக்டரிடம் கேட்காதே. தலைமை நர்ஸம்மா என்று யாராவது இருப்பாரே, அவரிடம் கேள்.

உன் கணவன்