பாதுகாப்புக்காக மாமா நம்பர்

சதுரங்கப்பட்டினம்
ஜூன் 9, திங்கள்

இன்றும் மின்னஞ்சலைத் திறக்க மூத்தாருக்குப் போன் போட வேண்டியதாயிற்று. ஒரு எண் வரும், அதை அடித்தால்தான் உள்ளே விடும். அந்த எண் வருவது அவருடைய, ஏசுபாதம் மாமாவுடைய, போனுக்கு. அவர் கல்பாக்கத்தில் வேலையில் இருந்தார். "இன்னாம்மா அவசரம்? டீ டைம்ல சொல்றேன்" என்றார். காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பெயரில் இருக்கிற பெட்டியை நான் திறக்க அவர் டீ குடித்தாக வேண்டும்.

போன கிறிஸ்துமஸுக்குத் தன் பழைய லேப்டாப்பை எனக்குக் கொடுத்தார். நல்ல மனசோடுதான் கொடுத்தார், இல்லை என்று சொல்லவில்லை. அவரே உட்கார்ந்து எல்லாவற்றையும் செட் பண்ணினார். நம்பர் கேட்ட இடத்தில் நான் என் நம்பரைச் சொன்னேன். "பொம்பளைங்க நம்பர எங்கியும் குடுக்கக் கூடாதும்மா. சேஃப்டி இல்ல" என்று தன் நம்பரைப் போட்டுவிட்டார். எங்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தான். சிலிண்டரா, ரேஷனா, பள்ளிக்கூடமா, எதற்கும் ஆண்பிள்ளை நம்பர். என் கணவர் ஜான்சன் மாமல்லபுரத்தில் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார், பாதி நேரம் போனை எடுக்க மாட்டார். அதனால் அவருடைய அண்ணன், மூத்தார் நம்பர்.

லேப்டாப்பைத் திறந்தால் இன்னும் 'வெல்கம் ஏசுபாதம்' என்றுதான் வருகிறது.

ஜூன் 17, செவ்வாய்

விடுதியிலிருந்து இன்னும் பதில் இல்லை.

சிங்கப்பெருமாள் கோயிலில், கம்பெனி வேலைக்கு வந்திருக்கும் பெண்கள் தங்குகிற விடுதி. வார்டன் வேலை. விஜயகுமாரியும் நானும் சேர்ந்து விண்ணப்பித்தோம். தபாலில் பி.ஏ. படித்தபோது செங்கல்பட்டு வகுப்புகளில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், அவளுக்கு ஊரே செங்கல்பட்டுதான். இரண்டு இடம் காலி என்றாள். கல்யாணத்துக்குப் பிறகு எனக்காக நான் எழுதிய முதல் விண்ணப்பம் இது. கிடைத்துவிடும் என்று மனசு சொல்லிக்கொண்டே இருக்கிறது. கிடைத்தால் என்ன புடவை கட்டிக்கொண்டு போவது என்பது வரைக்கும் யோசித்துவிட்டேன். பைத்தியம்.

ஜூன் 21, சனி

பதில் இல்லை.

ஜூன் 26, வியாழன்

வேகமாக எழுதுகிறேன். எழுத்து எப்படிப் போனாலும் போகட்டும்.

காலையில் விஜயகுமாரி போன் செய்தாள். "ஏண்டி நேத்து இன்டர்வியூக்கு வரல? உன் பேர ரெண்டு வாட்டி கூப்ட்டாங்க. நான் வாசலையே பாத்துகினு இருந்தேன்."

எனக்கு மெயிலே வரவில்லை என்றேன். "அதெப்படி வராம இருக்கும்? குப்பைத்தொட்டின்னு ஒண்ணு கீது பாரு, அதத் தொற" என்றாள். நேற்று மாமாவிடம் எண் வாங்கித் திறந்த பெட்டி இன்னும் மூடாமல்தான் இருந்தது, குப்பைத்தொட்டியைத் திறந்தேன். இருந்தது! என் பெயர், இடம், நேரம், கொண்டுவர வேண்டிய சான்றிதழ்கள், எல்லாம். யாரோ படித்துவிட்டுத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். நான் போடவில்லை.

இந்தக் கணக்கு எந்தெந்த இடத்தில் திறந்திருக்கிறது என்று பார்க்க ஒரு பக்கம் இருக்கிறதாம். அதையும் அவளே போனில் சொல்லிச் சொல்லித் திறக்க வைத்தாள். ஒன்று இந்த லேப்டாப். இன்னொன்று ஒரு போன். என்னுடையது இல்லை. ஏசுபாதம் மாமா வைத்திருக்கிற அதே கம்பெனி போன்.

ஆறு மாதமாக நான் யாருக்கு என்ன எழுதினேன், யார் எனக்கு என்ன எழுதினார்கள், எல்லாம் அவர் சட்டைப் பையில் இருந்திருக்கிறது.

விடுதிக்குப் போன் போட்டேன். "ரெண்டு போஸ்ட்டும் ஃபில் ஆயிடுச்சு மேடம். மெயில் பாக்கலையா?" என்றது ஒரு பெண் குரல். என்ன சொல்வேன்? பார்த்தவர் வேறு ஆள் என்றா? வைத்துவிட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

கோயிலில் ஆராதனை முடிந்து எல்லோரும் மூத்தார் வீட்டில் சாப்பாடு. எல்லோர் எதிரிலும் கேட்டேன். மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவே இல்லை!

"ஆமா, நான்தான் டெலீட் பண்ணேன். இன்னா இப்போ? வார்டன் வேலைன்னா ராத்திரி அங்கியே தங்கணும். வூட்டுப் பொம்பள அங்க இங்க தங்கறதா? சொன்னா நீ கேக்க மாட்ட, அழுவ. உனுக்கு அந்தக் கஷ்டமே வேணான்னுதான் செஞ்சேன்."

என் கஷ்டத்தைக் குறைத்தாராம்!

"உங்க ஆபீஸ்ல உங்க மெயில பக்கத்து சீட்டுக்காரர் படிச்சா சும்மா இருப்பீங்களா மாமா?" என்றேன். "அது ஆபீஸு, இது ஃபேமிலி" என்றார். இதே மனிதர் போன மாதம் இதே இடத்தில் உட்கார்ந்துகொண்டு, தன் பாஸ்வேர்டைப் பெண்டாட்டிக்குக்கூடச் சொன்னதில்லை என்று பெருமை அடித்தவர். அப்போது எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன்.

ஜான்சன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அண்ணாத்த செஞ்சா ஒரு காரணம் இருக்கும்" என்றார். மூத்தாரின் மனைவி வரலட்சுமி அக்கா வாயே திறக்கவில்லை. கறியை என் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

பாதுகாப்பு, பாதுகாப்பு! எவனோ தெரியாதவன் என் நம்பரை எடுத்துவிடுவான் என்று பயந்து, தெரிந்தவர் கையில் என்னையே கொடுத்திருக்கிறோம். தெரியாதவன் செய்திருந்தால் திருட்டு. இவர் செய்தால் அக்கறை. இது எந்த ஊர் நியாயம்?

ஜூலை 6, ஞாயிறு

லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி விஜயகுமாரி வீட்டுக்குப் போனேன். வேலை அவளுக்குக் கிடைத்துவிட்டது. சந்தோஷம்தான். பொறாமையும்தான். அதை அவளிடமே சொன்னேன், சிரித்தாள்.

முதலில் மாமா நம்பரை எடுத்துவிட்டு என் நம்பரைப் போடப் பார்த்தோம். அதற்கும் ஒரு எண் கேட்டது. அந்த எண் யார் போனுக்குப் போகும்? அவருக்கே! அவரை வெளியே அனுப்ப அவரிடமே அனுமதி வாங்க வேண்டும். மேசையை ஓங்கிக் குத்தினேன், டம்ளர் கவிழ்ந்தது.

"வுடு. புடவை வீணாப்போனா ஒட்டுப் போட்டுகினேவா கட்டுவ? புதுசு எடுத்துக்கலாம்" என்றாள்.

படங்களை மட்டும் ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டு லேப்டாப்பை மொத்தமாகத் துடைத்தோம். அது தன்னைத் தானே அழித்துக்கொண்டு திரும்ப எழுந்திருக்க மத்தியானம் முழுக்க ஆனது. எழுந்ததும் பெயர் கேட்டது. அன்பரசி என்று அடித்தேன். மின்னஞ்சலும் புதிது. நம்பர் கேட்டது, என் நம்பரைக் கொடுத்தேன். எண் வந்தது, என் போனுக்கு. யார் டீ குடிக்கவும் காத்திருக்கவில்லை.

பிறகு அப்டேட் என்று கேட்டதை எல்லாம் போடவிட்டோம். அதைத் தள்ளிப்போட்டால் கதவின் தாழ்ப்பாள் உடைந்ததைச் சரி செய்யாமல் விடுவது போலவாம். பாஸ்வேர்டுக்கு நான் ஜான்சன் பெயரும் கல்யாண வருஷமும் போடப் போனேன். கையில் ஒரு அடி வைத்தாள். "உன் குடும்பத்துல யாருக்கு இது தெரியாது?" வாஸ்தவம்தான். பெயரும் வேண்டாம், வருஷமும் வேண்டாம், சம்பந்தமே இல்லாத நாலைந்து வார்த்தையைச் சேர்த்து நீளமாக வை என்றாள். வைத்தேன். இங்கே எழுத மாட்டேன்.

நான் அடிக்கும்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். அது எனக்கு என்னவோ செய்தது. யாரும் இதுவரை எனக்காக அப்படித் திரும்பியதில்லை.

ஜூலை 8, செவ்வாய்

ஜான்சனுக்கு வேன் சம்பந்தமாக ஏதோ பிரின்ட் வேண்டுமாம். திறந்து பார்த்துவிட்டுக் கத்தினார். "புருஷனுக்கே தெரியாத பாஸ்வேர்டா? இந்த வூட்ல நான் திருடனா?"

கதவைக்கூடப் பூட்டாத தெரு எங்களுடையது. பூட்டினால் பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகப்படுகிறோம் என்று அர்த்தம். அது தெரியும். ஆனாலும் அடிக்குரலில் சொன்னேன், "திருடன்னு சொல்லல. ஆனா அன்னிக்கு உங்க அண்ணன் என் லெட்டரத் தூக்கிக் குப்பைல போட்டாரே, நீங்க சோத்தப் பாத்துகினு இருந்தீங்களே!"

 வெளியே போய்விட்டார்.

ஜூலை 9, புதன்

அவருக்குத் தனியாக ஒரு கணக்கு அதே லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தேன். பெயர் ஜான்சன். பாஸ்வேர்டை அவரே அடித்தார். என்ன என்று சும்மா கேட்டுப் பார்த்தேன். "அதெல்லாம் சொல்லக் கூடாது" என்றார், முகத்தை ரொம்ப சீரியஸாக வைத்துக்கொண்டு. கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஜூலை 20, ஞாயிறு

மூத்தார் வந்திருந்தார். அன்றைக்குப் பிறகு இப்போதுதான். ஒன்றுமே நடக்காத மாதிரி "லேப்டாப் ஸ்லோவா கீதா? வைரஸ் இருக்கும், பாக்கறேன்" என்றார். நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போனேன்.

அடுப்படியில் நிற்கும்போது டக்டக்கென்று சத்தம். நிற்கும். மறுபடி டக்டக். எட்டிப் பார்த்தேன். என் பெயர், ஜான்சன் பெயர், கல்யாண வருஷம் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறார் போல. கடைசியில் கொஞ்ச நேரம் கழித்து முயற்சி செய்யவும் என்று அதுவே அவரை நிறுத்திவிட்டது.

காபியைப் பக்கத்தில் வைத்தேன். "நான் குடுத்த பொருளு" என்றார், என்னைப் பார்க்காமல்.

"வேணும்னா எடுத்துகினு போங்க மாமா" என்றேன். குரல் உடைந்துதான் வந்தது. உடைந்தால் என்ன? "உள்ள இருக்கறது என்னுது."

ஜான்சன் வாசலில் வேன் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டிருக்கிறார். அங்கிருந்தே, "அண்ணாத்த, அது அவளுது. வுட்டுடு" என்றார். மூன்று வாரம் கழித்துத்தான் வந்தது அந்த வார்த்தை. வந்ததே என்று சந்தோஷப்பட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் வந்தது.

காபியைக் குடிக்காமலே போனார்.

ஆகஸ்ட் 2, சனி

செங்கல்பட்டில் வேறொரு விடுதிக்கு ஆள் எடுக்கிறார்களாம். விண்ணப்பம் அனுப்பினேன். நம்பர் என்ற இடத்தில் என் நம்பர். அழைப்பு வந்தால் முதலில் படிக்கப்போவது நான்.

ஆகஸ்ட் 13, புதன்

மத்தியானம் வரலட்சுமி அக்கா வந்தாள். மூத்தார் டூட்டிக்குப் போயிருக்கிற நேரம். மீன் குழம்பு கொண்டுவந்தேன் என்று கிண்ணத்தை வைத்துவிட்டு, உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு இடுப்பிலிருந்து போனை எடுத்தாள்.

"அன்பு, இதுல வர்ற மெசேஜ் எல்லாம் அவரு லேப்டாப்லயும் தெரியுது. என் தங்கச்சிக்கு உடம்பு சரியில்லன்னு நான் பேசறத எல்லாம் படிச்சுட்டு, ராத்திரி அவரே அத என்னாண்ட சொல்லிக் காட்றாரு. இவ்ளோ வருஷம் அப்டித்தான் போல கீதுன்னு இருந்துட்டேன். நீ செஞ்சியே, அது எனுக்கும் செஞ்சு குடுக்கறியா?"

அன்றைக்கு என் தட்டில் கறியை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனாளே என்று இத்தனை நாளும் அவள் மேல் கோபமாக இருந்தேன்.

எங்கெல்லாம் திறந்திருக்கிறது என்கிற பக்கத்தைக் காட்டினேன். மூத்தாருடைய லேப்டாப் அதில் இருந்தது. அதை எடுத்துவிடும் பட்டனை அக்காவையே அழுத்தச் சொன்னேன். விரலை அதன் மேல் வைத்துக்கொண்டே வெகுநேரம் நின்றாள். அழுத்தினாள்.

பிறகு போனைத் திறக்க ஒரு பாஸ்வேர்டு. பெயரும் வேண்டாம், வருஷமும் வேண்டாம் என்று சொன்னேன். என் முகத்தைப் பார்த்தாள், நானே ஏதாவது சொல்லிக்கொடுப்பேன் என்று.

நான் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். பின்னால் மெதுவாக, நிறுத்தி நிறுத்தி அடிக்கிற சத்தம் கேட்டது. அக்கா என்ன வைத்தாள் என்று எனக்குத் தெரியாது.