மாமா வண்டி

முத்துச்செவல்
12.3.1961

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை சொர்ணம் எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, அலுப்புதான். மதினியும் பிள்ளைகளும் சுகந்தானே?

கிராம சேவிகாவாக இந்த ஊருக்கு வந்து மூன்றாவது வருஷம் நடக்கிறது. சமூக வளர்ச்சி என்று மேடையில் முழங்குகிறவர்கள் ஒரு மழைநாளில் இந்தக் கரிசலில் செருப்போடு நடந்து பார்க்க வேண்டும். கார்த்திகை மழையில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக் கட்டிலோடு சாத்தூர் ரோட்டுக்குத் தூக்கிப் போனோம். பாதி வழியிலேயே பிள்ளை பிறந்து, அங்கேயே போய்விட்டது. அன்றிலிருந்து ஊரே ரோடு போடத் துடிக்கிறது. மாதர் சங்கத்துப் பெண்கள் கூடை, மண்வெட்டியோடு தயார். பஞ்சாயத்து யூனியனில் சரளை தருகிறோம், ஏற்றிவர லாரி இல்லை என்று கையை விரிக்கிறார்கள். பி.டி.ஓ. ஆபீசுக்கு நடையாய் நடந்து கால் ஓய்ந்துவிட்டது.

ரோடு வந்தால் வாத்தியாரும் ஒழுங்காக வருவார். இப்போது அவருக்கு மழைக்கும் லீவு, வெயிலுக்கும் லீவு. பள்ளிக்கூடம் திறந்திருக்கிற நாளை நான் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. தீப்பெட்டி ஆர்டர் குறைந்த நேரமாகப் பார்த்து உங்கள் லாரியைக் கொஞ்ச நாள் அனுப்புவீர்களா?

உங்கள் தங்கை
சொர்ணம்


சிவகாசி
20.3.1961

அன்புத் தங்கை சொர்ணத்துக்கு,

நீ கேட்டு நான் இல்லை என்று சொன்னதுண்டா? அடுத்த திங்கட்கிழமை லாரி வரும். டிரைவர் பெத்தணன் சாப்பாட்டு ராமன். உன் சங்கத்துப் பெண்களைக் கம்மங்கஞ்சி கூடுதலாகக் காய்ச்சச் சொல்.

மாப்பிள்ளை தவறிப்போனபிறகு உன்னை டிரெயினிங்குக்கு அனுப்பியது உனக்கென்று ஒரு பிழைப்பு வேண்டும் என்றுதான். நீ ஒரு ஊரையே தலையில் தூக்கி வைத்துக்கொள்வாய் என்று யார் கண்டது? பங்குனிப் பொங்கலுக்கும் வரமாட்டாய் போலிருக்கிறது. மதினி முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
காளிராஜ்


முத்துச்செவல்
24.6.1961

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? ரோடு திறந்த அன்று நீங்கள் வந்ததைப் பற்றித்தான் இங்கே இன்னும் பேச்சு. அதிலும் சங்கத் தலைவி வெள்ளைத்தாய் வாய் ஓயவில்லை. தம்பியைப் பறிகொடுத்தவள். மகள் ராமுத்தாய்க்குக் காதுகுத்தத் தாய்மாமன் மடி இல்லையே என்று அவள் கண்ணைக் கசக்கியதும், “ஏன், எங்க அண்ணன் இல்லையா? உங்க பிள்ளைகளுக்கெல்லாம் அவுகதான் தாய்மாமன்” என்று நான் உங்களை உட்கார்த்திவிட்டேன். பட்டு வேட்டி கசங்குமே என்று பார்க்காமல் நீங்களும் உட்கார்ந்தீர்கள். இப்போது ஊர்ப் பிள்ளைகள் அத்தனைக்கும் நீங்கள் மாமா. ரோட்டில் எந்த வண்டி வந்தாலும் “மாமா வண்டி” என்று ஓடுகிறார்கள்.

வாத்தியார் சின்னச்சாமி தினமும் சைக்கிளில் வந்துவிடுகிறார். பள்ளிக்கூடத்தில் இரைச்சல் தாங்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்காகவாவது எல்லாப் பிள்ளைகளும் வருகிறார்கள். எனக்கு இது போதும் அண்ணா.

சொர்ணம்


சிவகாசி
8.12.1962

அன்புத் தங்கைக்கு,

கடிதமே இல்லையே, கோபமா, வேலையா? இந்த வருஷமும் வானம் கைவிட்டுவிட்டது என்று உன் ஊர்ப் பெண்கள் சொல்லித்தான் தெரியும். வெள்ளைத்தாய் நாலைந்து பேரோடு நம் தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். “தாய்மாமன் வீடு இருக்கையில எம்புள்ளைக பட்டினி கெடக்கணுமா? வண்டி மட்டும் அனுப்புங்க, நாங்க வந்துருதோம்” என்றாள். எப்படி முடியாது என்பேன்?

வரும் வாரத்திலிருந்து வண்டி வரும். பெரியவர்கள் பெட்டி ஒட்டட்டும். மருந்தில் முக்குவதற்குக் கட்டையில் தீக்குச்சி அடுக்கச் சின்னக் கைதான் தோது, அதனால் பிள்ளைகளையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். முதல் ஆள் என் மருமகள் ராமுத்தாய்தான். உனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

அண்ணன்
காளிராஜ்


முத்துச்செவல்
21.1.1963

அண்ணனுக்கு,

சந்தோஷமில்லை. இன்று பள்ளிக்கூடத்தில் வாத்தியாரும் நானும்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கோழி கூவுமுன்னே வண்டி வந்து ஹாரன் அடிக்கிறது. தூங்குகிற பிள்ளைகளை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து ஏற்றுகிறார்கள். இருட்டியபின் இறங்குகிறார்கள். ராமுத்தாய் சோற்றில் கை வைத்தபடியே தூங்கிவிடுகிறாள். வெள்ளைத்தாயிடம் சண்டை போட்டேன். “எழுத்து வயித்துக்குள்ள போகுமா டீச்சரம்மா? அன்னியன் வண்டியிலயா போகுதுக? மாமா வண்டியிலதான போகுதுக” என்கிறாள். உங்கள் பெயரைச் சொல்லி என் வாயை அடைக்கிறாள்.

நாங்கள் மண் சுமந்து போட்ட ரோடு அண்ணா இது. பெரியவர்களுக்கு வேலை கொடுங்கள், கும்பிடுகிறேன். பிள்ளைகளை விட்டுவிடுங்கள்.

சொர்ணம்


சிவகாசி
30.1.1963

சொர்ணத்துக்கு,

உன் கடிதம் படித்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் பிள்ளை பிடிக்கிறவனா? வயிற்றுக்கு வழி கேட்டு வந்தார்கள், வழி செய்தேன். பிள்ளைகள் இல்லாமல் பெரியவர்களுக்கு மட்டும் அவ்வளவு தூரம் வண்டி விட்டால் கட்டுப்படியாகாது. அதனால் வண்டியையே நிறுத்திவிட்டேன். உன் மனம் குளிரட்டும்.

ஆனால் ஒன்று. நான் நிறுத்தினால் ரோடு மூடிக்கொள்ளுமா? பக்கத்தில் எத்தனையோ கம்பெனி ஆள் கிடைக்காமல் அலைகிறது.

காளிராஜ்


முத்துச்செவல்
25.2.1963

காளிராஜ் முதலாளி அவர்களுக்கு,

மாதர் சங்கத்தார் கேட்டுக்கொண்டபடி இதை எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னதுதான் நடந்தது. உங்கள் வண்டி நின்ற மறுவாரமே வேறொரு கம்பெனி வண்டி வந்துவிட்டது. தீக்குச்சி மருந்து மூட்டைகளுக்கு மேலேயே பிள்ளைகளை உட்கார்த்திக் கொண்டுபோகிறார்கள். திரும்பி வர நேரங்காலம் கிடையாது. போன வாரம் ஒரு நாள் வண்டி திரும்பவேயில்லை. ஊர்ப் பெண்களெல்லாம் விடியும்வரை ரோட்டிலேயே உட்கார்ந்திருந்தோம். வண்டி பழுது என்று காலையில் பிள்ளைகளை நடத்திக் கூட்டிவந்தார்கள்.

அதுவரை என்னோடு பேசாமலிருந்த வெள்ளைத்தாய் அன்றைக்குத்தான் பேசினாள். “நிறுத்தச் சொன்னது நீங்க. திரும்ப வரச் சொல்லவேண்டியதும் நீங்கதான் டீச்சரம்மா. மாமா வண்டின்னா பயமில்லாம ஏத்திவிடுவோம்ல?” ஊருணியில் சேறுதான் மிச்சம். யூனியனில் நிவாரண வேலை கேட்டு எழுதியதற்குப் பதிலே இல்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே தங்கள் வண்டியை மறுபடி அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளை மருந்துப் பக்கம் விடவேண்டாம். விளக்கு வைக்குமுன் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் இது அண்ணனிடம் கேட்கிற காரியமில்லை. அதனால்தான் முதலாளி என்று எழுதினேன். இனிமேலும் அப்படித்தான் எழுத வரும்.

விடிவதற்கு முன் பிள்ளைகளை எழுப்பி ரோட்டுக்குக் கூட்டிவர ஊரில் ஒரு ஆள் வேண்டும் என்று உங்கள் டிரைவர் முன்பே கேட்டிருந்தாராம். அந்த வேலையை நானே செய்கிறேன்.

இப்படிக்கு,
சொர்ணலட்சுமி
கிராம சேவிகா