தையல் படாத வயிறு

தம்பி,

சுண்டலுக்கு ஊறப்போட்ட கொண்டைக்கடலையை இன்று காலையில் மறந்தே போய்விட்டேன். மத்தியானம் மூடியைத் திறந்தால் நுரை கட்டி, லேசாகப் புளித்து, அந்தப் பழைய வாடை. ஒரு காலத்தில் நம் வீட்டுப் பின்கட்டில் எந்நேரமும் இருந்த வாடை அது. கடலையை நான் உனக்கு வெல்லத்தோடு தருவேன். ஊறிய தண்ணீரையும் வீணாக்காமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு நீ குடிப்பாய். பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் மேல் கோபம் கோபமாக வந்தது. பன்னிரண்டு வருஷம் ஆகியும் உன் நினைவு எனக்கு முதலில் கோபமாகத்தான் வருகிறது. அழுகை அதற்குப் பின்னால்தான். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

அம்மா போனபிறகு வீட்டில் நாம் மூன்று பேர். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய் வந்த மனுஷர். நம் தெருவில் பிரெஞ்சுக் குடியுரிமையுள்ள அந்த மாதிரிப் பட்டாள வீடுகளைச் ‘சொல்தா வீடு’ என்பார்கள். காரைக்காலில் சொல்தா வீட்டுப் பையன் என்றால் அவனும் பட்டாளத்துக்குப் போவான், பிரான்சில் காலூன்றுவான், லீவுக்கு வரும்போது தெருவே எட்டிப் பார்க்கும் என்று எல்லோருக்கும் ஒரு கணக்கு. பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை கோட்டை விட்ட உனக்கு அது ஒன்றுதான் வழி. எனக்கும் அதில் ஆசை இல்லாமல் இல்லை. நீ போய்விட்டால் அப்பாவின் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வரும் என்று நினைத்தேன்.

அதற்காகத்தான் அரிசி ஆலைக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் போய்ச் சேர்ந்தாய். தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, ரயில் சக்கரம் மாதிரி இரும்புக் குண்டுகள். சேர்ந்த இரண்டு மாதத்தில் தோள் அகன்றது, கை திரண்டது. ஆனால் உனக்கு வயிற்றின் மேல்தான் கண். “கையக் காட்டி யாரு வேணா ஏமாத்தலாங்க்கா. வயித்துல வரி வரியா கட்ஸ் விழுந்தாத்தான் உடம்பு” என்பாய். கண்ணாடி முன்னால் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பாய். “வயத்த எக்கி எக்கி ஒருநாள் முதுகுல ஒட்டிக்கப் போவுது” என்று நான் சொன்னால், சிரிப்பை அடக்க முடியாமல் மூச்சை விட்டுவிடுவாய்.

உன் சாப்பாடு எனக்குப் பெரிய தொல்லை. இத்தனை வயல் சூழ்ந்த ஊரில் பிறந்துவிட்டுச் சோறு வேண்டாம் என்று சொன்னவன் நீ ஒருவன்தான். குரும்பகரத்திலிருந்து சித்தப்பா அனுப்புகிற புது அரிசி மூட்டையைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வாய். காலையில் கேழ்வரகுக் கஞ்சி, மத்தியானம் ஒரு கைப்பிடிச் சோறு, மண்டபத்தூர் மீன்காரம்மா கொண்டுவரும் மீன், எண்ணெய் இல்லாமல். சுறா கிடைத்தால் புட்டு. முட்டையில் வெள்ளை உனக்கு, மஞ்சள் எனக்கு. உன் தயவில் நான்தான் சதை போட்டேன். நீயோ விலாவுக்குக் கீழே ஒட்டி, தோலுக்கடியில் சதை வரி வரியாகத் தெரிய ஆரம்பித்தாய். எனக்கே பெருமையாக இருந்தது. மீன்காரம்மாவைக் கூப்பிட்டு உன் வயிற்றைக் காட்டினேன், நினைவிருக்கிறதா? அந்த அம்மா குத்திப் பார்த்துவிட்டு, “எப்பா, பலகையால்ல இருக்கு!” என்றது.

கொட்டகைப் பயிற்சி போதாதென்று விடியற்காலையில் வீட்டிலும் செய்வாய். முற்றத்தில் பாயை விரித்து மல்லாந்து படுத்து, கையைப் பிடரியில் கோத்துக்கொண்டு, இடுப்புக்கு மேலே மட்டும் எழுந்து எழுந்து படுப்பாய். கால் தூக்கிக்கொள்ளாமல் இருக்க யாராவது அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த வேலை எனக்கு. உன் இரண்டு பாதத்தின் மேலும் உட்கார்ந்துகொண்டு மடியில் முறத்தை வைத்து வெங்காயம் உரிப்பேன். நீ எழுந்திருக்கும்போதெல்லாம் உன் முகம் என் முகத்துக்கு நேரே வரும். “மூஞ்சியத் திருப்புங்க்கா, வெங்காயம் கண்ணக் கரிக்குது” என்பாய். கரித்தாலும் நிறுத்தமாட்டாய்.

உன் துணி எல்லாவற்றையும் நான்தான் துவைத்தேன், லங்கோட்டைத் தவிர. கொட்டகையில் அது கட்டாயம். அதை இறுக்கிக் கட்டாமல் யாரும் குண்டைத் தொடக்கூடாது, தொட்டால் குடல் இறங்கிவிடும் என்று வாத்தியார் சொல்வாராம். அதை நீயே துவைத்து, குளியலறைக்குப் பின்னால் கொடியில் போட்டு, அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மறைத்து வைப்பாய். அக்காள் கண்ணில் படக்கூடாதாம். நானும் அந்தப் பக்கம் போகமாட்டேன். நம் வீடுகளில் அப்படித்தானே. தொப்புளுக்கு மேலே இருப்பதை ஊருக்கே காட்டலாம், கீழே இருப்பதைப் பற்றி வாயைத் திறக்கக்கூடாது.

ஒருநாள் மத்தியானம் சாப்பிடும்போது அப்பா தன் பழைய கதைகளில் ஒன்றைச் சொன்னார். அவரோடு பட்டாளத்துக்குப் பேர் கொடுத்தவர்களில் ஒருத்தர் நல்ல ஆஜானுபாகுவாம். சட்டையைக் கழற்றச் சொன்னதும் வயிற்றில் பழைய தையல் தெரிந்ததாம். அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். “தையப் போட்ட ஒடம்ப அவன் எடுக்கவே மாட்டான்டா. கிழிஞ்ச சாக்குல யாராச்சும் நெல்லு கட்டுவானா?” என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார். கதை உண்மையோ, வழக்கம்போல கொஞ்சம் கை கால் வைத்ததோ, எனக்குத் தெரியாது. நீ தலையை நிமிர்த்தவில்லை. அந்தக் கைப்பிடிச் சோற்றையும் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாய். உடம்பைக் குறைக்கிறாய் என்று நான் நினைத்தேன்.

அப்போதே உனக்கு அது வந்து நாலைந்து மாதம் ஆகியிருந்தது. இதை எனக்குச் சொன்னது லூர்து, உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் போனபிறகு. கொட்டகையில் உனக்கு மூத்தவர், பஸ் பட்டறையில் டயர் மாட்டுகிறவர், நீ ‘லூர்தண்ணே’ என்று வாய் ஓயாமல் சொன்ன ஆள். வாசற்படியில் நின்றுகொண்டு, தரையைப் பார்த்தபடியே சொன்னார். பெரிய குண்டு ஒன்றைத் தூக்கும்போது அடிவயிற்றில் வலது பக்கம் ஏதோ நழுவினது மாதிரி இருந்ததாம் உனக்கு. பிறகு அங்கே நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம். இருமினால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போய்விடும்.

“ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொன்னேங்க. அங்க போனா கத்திய வச்சிருவான், தையல் போட்டா பிரான்ஸ் போச்சுண்ணே அப்படின்னான். படுத்தா உள்ள போயிருதுல்ல, வயித்துச் சதை கெட்டியாயிட்டா வாசல் தானா அடைச்சிரும்னான். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு செத்துப்போன உங்கம்மா மேல சத்தியம் வாங்கிட்டான்.”

“நீங்களும் கொடுத்துட்டீங்களாக்கும்?” என்று கேட்டேன்.

“ஆம்பள வெவகாரம்... பொம்பளப் புள்ளைங்ககிட்ட எப்படிங்க?” என்றார்.

கையில் கிடைத்ததை எடுத்து எறிந்தேன். நல்லவேளை, அது துடைப்பம்தான்.

இப்போது புரிகிறதா, நீ என்ன செய்தாய் என்று? உள்ளே ஒரு கிழிசல். அதை மூடுவதற்காக அதன் மேலேயே ஒவ்வொரு விடியற்காலையும் முட்டிக்கொண்டிருந்தாய். லங்கோட்டை இராப்பகலாக அவிழ்க்காமல் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கடலைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, வெங்காயம் உரிக்கிற அக்காளைப் பாதத்தின் மேல் உட்காரவைத்துக்கொண்டு.

புதுச்சேரியில் மெடிக்கலுக்கு நாள் குறித்து வந்தது. அடுத்த வாரம் புறப்பட வேண்டும். மறுநாள் விடியற்காலையில் நீ என்றைக்குமில்லாத வேகத்தில் எழுந்து எழுந்து படுத்தாய். நடுவில் பாதி எழுந்த நிலையில் அப்படியே நின்றாய். உன் முகம் என் முகத்துக்கு ஒரு முழத்தில் இருந்தது. உதடு வெளுத்துவிட்டது. “கால விடுங்க்கா” என்றாய், அவ்வளவு மெதுவாக. தசை பிடித்துக்கொண்டது என்றாய். உள்ளே போய்க் குப்புறப் படுத்தாய்.

சாயங்காலம் வாந்தி. அப்பா, “முட்ட முட்டயா முழுங்குனா வேற என்ன ஆவும்?” என்று என்னையும் சேர்த்துத் திட்டினார். ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். சுக்குக் கஷாயம் கொடுத்தேன். நீ எல்லாவற்றையும் வாங்கிக் குடித்தாய், இது அஜீரணம் இல்லை என்று தெரிந்தே குடித்தாய். உன்னை நான் மன்னிக்காதது அந்த ஓமத் தண்ணீருக்காகத்தான். மறுநாள் வாந்தி பச்சையாக வந்தது. நீ பார்த்துப் பார்த்துக் கட்டிய வயிறு பறை மாதிரி உப்பிவிட்டது. வரி எதுவும் தெரியவில்லை. அதற்கும் அடுத்த நாள் காலையில் ரிக்‌ஷாவைக் கூப்பிட்டு, அப்பா சொல்லச் சொல்லக் கேட்காமல் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

டாக்டர் வயிற்றைத் தொட்டார். கீழே பார்க்க வேட்டியை விலக்கப் போனார். கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்த நீ, அவர் கையைப் பிடித்துக்கொண்டாய். “அக்காவ வெளிய போவச் சொல்லுங்க” என்றாய். நான் வெளியே போனேன். நீ என் காதுபடச் சொன்ன கடைசி வார்த்தை அதுதான், தம்பி. அவ்வளவு வலியிலும் உனக்கு அந்த வெட்கம் போகவில்லை.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் தாழ்வாரத்துக்கு வந்தார். அந்த ஓட்டை வழியாகக் குடல் இறங்கி, மாட்டிக்கொண்டு, ரத்தம் ஓடாமல் அழுகிவிட்டது என்றார். “வயித்துச் சதை எவ்வளவு கெட்டியா இருந்தாலும் இத அடைக்காதும்மா. முக்க முக்க அழுத்தம்தான் கூடும். வீக்கம் வந்தப்பவே காட்டியிருந்தா சின்ன வேலை” என்றார். அவர் குரலில் கோபம் இருந்தது. அது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. அன்றைக்கே நெஞ்சுக்குழியிலிருந்து கீழ்வரை கிழித்தார்கள். மறுநாள் விடிவதற்கு முன் நீ போய்விட்டாய். பிரான்சுக்கென்று தைத்த கோட்டைத்தான் உனக்குப் போட்டோம். போட்டுவிட்டது லூர்தும் அப்பாவும். எந்தத் தையலுக்குப் பயந்தாயோ அதன்மேல் பட்டனைப் பூட்டியது அப்பாவின் கை.

லூர்து சொன்னபிறகு துக்கம் கேட்க வந்தவர்களில், லீவில் வந்திருந்த நம் அத்தை மகனும் ஒருவர். பட்டாளத்தில் ரொம்ப காலமாக இருப்பவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஒன்றும் யோசிக்காமல், “இதுக்கா மாமா? அங்க இதெல்லாம் ஒரு விஷயமே இல்லைங்க. ஆப்பரேசன் பண்ணிட்டு, ஆறவிட்டு வரச் சொல்லுவான். என் கூடவே ரெண்டு பேர் தையலோட இருக்கானுங்க” என்றார். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். அதற்கப்புறம் ஆறு வருஷம் இருந்தார். சைகோன் கதை ஒன்றுகூட அவர் வாயிலிருந்து வரவில்லை. நானும் கேட்கவில்லை. அவரைப் பார்க்கப் பாவமாக இருக்கும், கிட்டே போய் உட்காரவும் மனசு வராது.

நான் கேட்டிருக்க வேண்டும், கவனித்திருக்க வேண்டும் என்று மற்ற அக்காமார் மாதிரி மார்பில் அடித்துக்கொள்ள நான் தயாராயில்லை. நீ மறைத்தாய். நன்றாக மறைத்தாய்.

லூர்து வாரா வாரம் வருவார். அப்பாவுக்கு மருந்து வாங்கி வருவார், கூரையில் ஓடு மாற்றுவார், போவார். ஒரு வருஷம் நான் அவரோடு பேசவில்லை. இரண்டாவது வருஷம் தண்ணீர் கொடுத்தேன். மூன்றாவது வருஷம் கல்யாணம். ஆமாம், அவர்தான் உன் அத்தான். சிரிக்காதே. மன்னித்துக் கட்டிக்கொண்டேனா என்று என்னையே கேட்டால் பதில் தெரியவில்லை. உன்னைப் பற்றிப் பேசினால் இந்த ஊரில் அவரும் நானும்தான் பாதிப் பேச்சில் எழுந்து போவோம். அது போதுமாயிருந்தது.

போன மழைக்காலத்தில் அவருக்குச் சளி. இருமும்போது கை தானாக அடிவயிற்றுக்குப் போய் அழுத்திக்கொள்கிறது. இடது பக்கம். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுபடி இருமினார், மறுபடி கை போயிற்று.

“என்னாங்க அது?”

“ஒண்ணுமில்ல. டயர் தூக்குனதுல புடிச்சிருக்கு.”

“வேட்டியத் தூக்குங்க, பாப்போம்.”

“அட, சும்மாரு. புள்ளைங்க இருக்கு.”

எல்லாம் தெரிந்த மனுஷன், தம்பி! உன் பெட்டியைத் தூக்கிய மனுஷன். என்னிடம் மூன்று மாதமாக மறைத்திருக்கிறார். நான் கத்தின கத்தலில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. வீக்கம் எங்கே, எவ்வளவு பெரிசு, எப்போது வெளியே வருகிறது எல்லாவற்றையும் வாசலில் நின்று ஊர் கேட்கச் சொன்னேன். வெட்கம் கெட்டவள் என்று இரண்டு பேர் சொன்னது காதில் விழுந்தது. விழட்டும். அம்பகரத்தூர் வண்டிக்கு டயர் மாட்ட வேண்டும் என்று பட்டறையிலிருந்து ஆள் வந்தான். அவனையும் சேர்த்துக்கொண்டு அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். சின்ன வேலைதான். டாக்டர் அன்று உன்னைப் பற்றிச் சொன்ன அதே சின்ன வேலை.

தையல் பிரித்துக் கட்டுத் துணியையும் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த அன்று, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, அவரைக் கட்டிலில் படுக்கச் சொன்னேன். “என்னாத்தப் பாக்கப் போற?” என்று அலுத்துக்கொண்டே வேட்டியை இறக்கினார். சிவப்பாக, கொஞ்சம் மேடாக, ஒரு கோடு. நான் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, அதன்மேல் படாமல், பக்கத்தில் விரலை வைத்து அளந்தேன். கட்டை விரலை மடக்கிக்கொண்டு மறுபடி அளந்தேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

நாலு விரற்கடை, தம்பி. அவ்வளவுதான் இருந்தது.