மேட்டில் இறங்காத சைக்கிள்

இல்லை அண்ணா, உன் மகளுக்குக் கையில் பலமில்லை, சைக்கிளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று நேற்று நீ சொன்னது தப்பு. முறுக்கித் திருப்பும் கியரும், நீ ஆசையாக வாங்கிய தடித்த கைப்பிடியும்தான் முரண்டு பிடித்தன. இன்று கடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். கட்டைவிரலால் தள்ளும் கியரையும் மெல்லிய கைப்பிடியையும் அவளே தேர்ந்தெடுத்தாள்.

மாட்டியதும் நம் தெரு மேட்டில் நடுவில் இறங்கித் தள்ளாமல் ஓட்டியே ஏறிவிட்டாள்! சீட்டைப் பிடித்தபடி பின்னாலேயே ஓடினேன்.

“அத்தை, சீட்டைப் பிடிக்காதே! நீ மெதுவா வா, நான் மேல நிக்கிறேன்!”

உச்சியில், கரை கண்ட மாலுமி போல மணியடித்தாள்.

சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது. நூலகம் போகிறேன்.

பி.கு. சாயங்காலம் உனக்கு ஓட்டிக் காட்டுவாள். சீட்டைப் பிடிக்காமல் விடுவாயா அண்ணா?