மழையில் பதினெட்டு கிலோமீட்டர்

என் அன்புக் கோமு,

நம் மகள் செண்பகா அந்தமானில் இருக்கிறாள். தனியாக! ஒரு சைக்கிள், ஒரு கூடாரம், ஒரு மாத விடுப்பு. தீவு தீவாகப் படகில் போய், இறங்கிய இடத்தில் சைக்கிள் மிதித்து, கூடாரம் போட்டுத் தங்கப் போகிறாள். இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

நீ போன நாளிலிருந்து சொல்ல வேண்டும். குற்றாலம் சாலை வளைவில், சாரலில் ஸ்கூட்டர் சறுக்கியது. ஓட்டியவள் அவள், பின்னால் நீ. அவள் காலில் பிளேட் வைத்துப் பிழைத்தாள். பிறகு எந்த வண்டியையும் தொடவில்லை. பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்கும் நடந்தே போய் வந்தாள்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், “பிள்ள மேல தப்பு இல்ல” என்றேன். அவளிடம் மட்டும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை கோமு? இன்றும் தெரியவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒருநாள், பழைய கியர் சைக்கிள் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தாள். முதல் நாள் தெருமுனை வரை போய், இறங்கி உருட்டிக்கொண்டே திரும்பினாள். நான் பேப்பர் படிப்பதுபோல் இருந்துகொண்டேன். பிறகு மேலகரம் வரை போனாள். ஒரு காலையில் குற்றாலம் பக்கம் திரும்பியதும் எனக்குப் பொறுக்கவில்லை. மொபெட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

அந்த வளைவில் இறங்கி நின்றாள். திரும்பியவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

“எப்பா, பின்னாலயே வருதியளா?”

“பால் வாங்க வந்தேன்.”

“தென்காசியில பால் இல்லாமலா குத்தாலத்துக்கு வந்திய?”

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரிப்பு நின்றதும் கேட்டாள்: “அம்மா விசயத்துல எம்மேல கோவமாப்பா?”

“ஒரு நாளும் இல்லட்டி. அத ஒங்கிட்ட சொல்லாம இருந்தது என் தப்பு.”

சாலையோரத்தில் என் தோளில் சாய்ந்து அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அருவி வரை மிதித்தாள். நான் பின்னால் போகவில்லை.

அந்தமான் பேச்சு வந்ததும் உன் தம்பி குதித்தான். “அத்தான், வயசுப் பிள்ளைய ஒத்தையில அனுப்புதியளே, ஒங்களுக்கு என்ன கிறுக்கா?”

“அவ போவா மாப்ள,” என்றேன். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். நீ இருந்தால் அவனோடு சேர்ந்து என்னைத் திட்டியிருப்பாயா? இல்லை, புளியோதரை கட்டிக் கொடுத்திருப்பாயா?

தென்காசி ஸ்டேஷனில், சைக்கிளைக் கழற்றி அடைத்திருந்த பெட்டியைத் தூக்கப் போனேன். “நானே தூக்குதேன்பா. அங்கன யாரு தூக்குவா?” என்றாள். தூக்கினாள்.

நேற்றுக் காலை போன். குரல் விட்டுவிட்டுக் கேட்டது. “எப்பா, படகுல சைக்கிள கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுவந்தேன். இங்கன ஒரு பள்ளிக்கூடத்துல கேட்டு, மைதானத்துல டென்ட் போட்டிருக்கேன். நேத்து நல்ல மழை. ரோடெல்லாம் வழுக்குச்சு.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். “என்னட்டி செஞ்ச?”

“மெதுவா ஓட்டினேன். பதினெட்டு கிலோமீட்டர். எங்கயும் எறங்கலப்பா.”

லைன் போய்விடுமோ என்று அவசர அவசரமாகச் சொன்னேன், “பெருமையா இருக்குட்டி.” “கேட்டுச்சுப்பா,” என்றாள்.

கோமு, இனி அவளுக்குச் சொல்ல வேண்டியதை ஊராரிடம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். அவள் முகத்தைப் பார்த்தே சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன், செண்பகாவின் அப்பா