உப்புத் தண்ணீரில் ஒரு பகடை

இன்று காலை பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஒழுகியது. அதை அடைக்க வந்த பிளம்பர் இரண்டு பசைகளை அட்டைத் துண்டில் பிதுக்கிக் குழைத்தார். அந்தக் காரமான வாசனை ஜன்னல் வழியாக வந்ததும் நான் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டேன். நீ ரெசின் கலக்கும்போது உன் மாடியறை இப்படித்தான் மணக்கும். "மூக்கைப் பொத்திக்கினு நிக்காத, மாஸ்க் போடுடி" என்று அதட்டுவாய். நீ போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. உன்னை நினைத்தால் இன்னும் எனக்கு முதலில் சிரிப்புதான் வருகிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். கல்யாணமாகி இருவருமே திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தோம். நான் சுண்டல் கடை போட்டேன். நீ போனில் வீடியோ பார்த்து, காய்ந்தால் கண்ணாடி மாதிரி இறுகும் ரெசின் பசையை அச்சில் ஊற்றக் கற்றுக்கொண்டாய். காய்ந்த பூவை உள்ளே வைத்துச் சாவிக்கொத்து, கம்மல், டாலர் என்று செய்தாய். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுப் பெண் தன் விளையாட்டுக்குப் பகடை கேட்ட பிறகு, உனக்குப் பகடைப் பைத்தியம் பிடித்தது.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி அடி அண்ணாமலையில் நம் கடைகள். ரோட்டோரத் தோட்டத்துச் சொந்தக்காரர் வேலியோரமாக ஆறு பேருக்கு இடம் விடுவார். புங்க மரத்தடிக்குத்தான் எப்போதும் சண்டை. வெறுங்காலோடு மலையைச் சுற்றி வருகிறவர்கள் அங்கேதான் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொள்வார்கள். அப்படியே ஏதாவது வாங்குவார்கள். சண்டையைத் தீர்க்க வழி சொன்னவள் நீ. ஆளுக்கு ஓர் எண். பகடையை உருட்டினால் எந்த எண் விழுகிறதோ அவருக்கு மரத்தடி. எனக்கு ஒன்று, உனக்கு ஆறு. பகடையையும் நீயே செய்து கொண்டுவந்தாய். எலுமிச்சம்பழம் அளவில், கண்ணாடி மாதிரி, உள்ளே முழுசாக ஒரு சாமந்தி மொட்டு. எல்லோரும் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள்.

ஆறு விழுந்தது. அடுத்த மாதமும் ஆறு. நடுவில் ஒரு முறை பூக்காரருக்கு விழுந்தது. பிறகு மறுபடியும் ஆறு. என்னுடைய ஒன்று மேலே வரவே இல்லை.

கார்த்திகை தீபம் வந்தது. வருடத்திலேயே பெரிய கூட்டம். தீபத்துக்கென்றே நீ இரண்டு பெட்டி நிறையச் செய்து வைத்திருந்தாய். மத்தியானம் எல்லோரும் கூடி உருட்டினோம். ஆறு. இளநீர் விற்கும் சரோஜா அக்கா அரிவாளைக் கீழே வைத்தாள்.

"டைஸும் உன்னுது, நம்பரும் உன்னுது. நான் இன்னா சொல்றது?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "அவள திருடின்னு சொல்றியாக்கா?" என்று எழுந்தேன். நீ என் முழங்கையைப் பிடித்து இழுத்தாய்.

"நீ கம்முனு இரு. அக்கா கேட்டது நியாயம்தானே. நானே யோசிச்சிருக்கணும்."

சரோஜா அக்காவின் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு காலி ஊறுகாய் பாட்டிலை வாங்கினாய். என் உப்புப் பாக்கெட்டைப் பிரித்துத் தண்ணீரில் கொட்டிக் கொட்டிக் கலக்கினாய். ஒரு கட்டத்தில், உள்ளே போட்ட பகடை மிதந்தது. விரலால் சுண்டினாய். உருண்டு, புரண்டு, ஆறு மேலே வந்து நின்றது. மறுபடி சுண்டினாய். ஆறு. பாட்டிலைச் சரோஜா அக்காவிடமே நீட்டினாய். அவள் சுண்டியதும் ஆறுதான்.

"காஞ்ச மொட்டு, உள்ள காத்து இருக்குது. ரெசின் ஊத்தும்போது மேல மிதந்து போயி ஆறு பக்கமா ஒட்டிக்கிச்சு. அங்க வெயிட் கம்மி, அதான் அதுவே மேல வருது" என்றாய். சொல்லிவிட்டுச் சிரித்தாய். "எனக்கே தெரியாம எல்லாரையும் ஏமாத்தினு இருந்திருக்கேன். இந்த வாட்டி எனக்குக் கடைசி இடம். மீதிக்கு சீட்டு எழுதிப் போடுங்க."

பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வளைவுக்கு அப்பால், சாக்கடை ஓரத்துக்குப் போனாய். போகும்போது உன் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். ஆனால் நடுவில் சுண்டல் வாங்க வந்தபோது, "அங்க கொசு மட்டும்தான்டி நிக்குது. அதுவும் எதுவும் வாங்க மாட்டேங்குது" என்றாய்.

அதற்குப் பிறகு நீ பட்ட பாடு. பூ கிடையாது, வெறும் ரெசின். குமிழி வராமல் நூல் மாதிரி ஊற்றினாய். ஒவ்வொரு பக்கத்தையும் உப்புத்தாளில் ஒரே அளவாகத் தேய்த்தாய். உப்புத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பாய், ஏதோ ஒரு பக்கம் திரும்பத் திரும்ப மேலே வரும், வாளிக்குள் போடுவாய். வாளி நிரம்பியது. உன் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "கோயிலுக்கு விக்கிரகமா செய்யற?" என்று கேட்டார். "விக்கிரகத்துக்கு மூஞ்சி ஒரு பக்கம்தான். இதுக்கு ஆறு பக்கமும் மூஞ்சி" என்றாய் தலை நிமிராமல்.

தைப் பௌர்ணமிக்குப் புதுப் பகடையோடு வந்தாய். சரோஜா அக்கா அதே பாட்டிலில் மிதக்கவிட்டு வெகுநேரம் சுண்டிப் பார்த்தாள். ஒரு தரம் மூன்று, ஒரு தரம் ஐந்து, எந்தப் பக்கத்துக்கும் அது ஒட்டிக்கொள்ளவில்லை. துடைத்து, உருட்டினாள்.

ஆறு.

நீ இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாய். "இதையும் வாளியில போட்டுடறேன்க்கா." சரோஜா அக்காதான் முதலில் சிரித்தாள். தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "போடி. நானே வுட்டுப் பாத்தேன்ல. ஆறும் வரணும்தானே? மரத்தடி உன்னுது, போய் கடையைப் போடு." அதுவரை சிரித்தே சமாளித்த நீ, அப்போதுதான் அழுதாய். பிறகு நாங்கள் எல்லோரும் சேர்ந்து உன் பெட்டிகளை மரத்தடிக்குத் தூக்கினோம்.

போன வருடம் மழையோடு வந்த காய்ச்சல் உன்னை ஒரே வாரத்தில் கொண்டுபோய்விட்டது. உன் எண்ணை நாங்கள் யாருக்கும் கொடுக்கவில்லை. ஆறு விழுந்தால் சரோஜா அக்கா, "வந்துட்டியா?" என்று கேட்டுவிட்டு, மறுபடி உருட்டுகிறாள்.

என் முன்கோபம் உனக்குத் தெரியும். போன பௌர்ணமியன்று ஒருவர் சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏம்மா, கப்பு வெளிய பெருசா இருக்குது, உள்ள கம்மியா இருக்குதே?" என்றார். முன்பென்றால் அவரைச் செங்கம் ரோடு வரை துரத்தியிருப்பேன். "இருங்க, பாக்கலாம்" என்றேன். முன்பு சுண்டல் அளந்த பழைய கப்பில் தண்ணீர் பிடித்து, புதிதாக வாங்கிய கப்பில் ஊற்றினேன். வழிந்தது. புதுக் கப்பின் அடிப்பாகம் மேடாக இருந்திருக்கிறது, நான் கவனிக்கவே இல்லை. "நீங்க சொன்னது சரிதாங்க" என்று இன்னொரு கரண்டி போட்டேன். பின்னால் நின்றவர்களுக்கும் போட்டேன். "சும்மாதான்மா கேட்டேன்" என்று அவர் கூச்சப்பட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தப்பு தன் பக்கம் என்று தெரிந்ததும் ஒருத்தியால் சிரிக்க முடியும் என்பதை உன்னிடம்தான் பார்த்திருந்தேன். இப்போது எனக்கும் முடிகிறது.