முப்பது நொடி

மார்ச் 4
ஓட்டல்காரர் தன் வரவேற்பறைச் சுவருக்குக் கடலோர ஓட்டைப் பாறையின் படம் கேட்டிருக்கிறார். ஓட்டை வழியே சூரியன் இறங்க வேண்டுமாம், ஆள் ஒருவர்கூடத் தெரியக் கூடாதாம். சாயங்காலம் அங்கே கூட்டம் மொய்க்குமே என்றேன். "அது உன் பாடும்மா," என்றார் ஸ்டூடியோ முதலாளி.

மார்ச் 6
வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போனேன். வேலை போன மூன்று மாதமாகக் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருக்கிறார். காற்றாவது படட்டும்.

லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி மாட்டி, முப்பது நொடி திறந்து வைத்தேன். இப்படி எடுத்தால் நடமாடுகிறவர்கள் பதிய மாட்டார்கள். அசையாத பாறை மட்டும் நிற்கும், அலைகூடப் புகையாகிவிடும். அவர் பாறையடியில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடியே இருந்தார்.

படத்தைக் காட்டி, "அங்கதானே இருந்தீங்க? சுத்தமா காணோம்," என்று சிரித்தேன்.

கொஞ்ச நேரம் பார்த்தார். "சரியாத்தான் எடுத்திருக்கு," என்றார். வழியெல்லாம் எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தார்.

மார்ச் 7
ஏன் சிரித்தேன்?

மார்ச் 9
ஓட்டல்காரருக்குப் படம் பிடித்துவிட்டது. வீட்டில் சொன்னேன். "நல்லது." அவ்வளவுதான். மூணு நாளா இதே ஒத்தை வார்த்தை. கோபம்னா திட்டித் தொலைக்கலாம்ல — பக்கத்துலயே இருந்துகிட்டு இல்லாமப் போனா நான் என்ன பண்றது?

மார்ச் 12
வேலையிலிருந்து வந்ததும், "பாறைக்குப் போகணும், வாங்க. ஆள் நிக்கிற மாதிரி ஒரு படம் வேணும்," என்றேன்.

"யாரு கேட்டா?"

"நான்தான்."

செருப்பை மாட்டிக்கொண்டார்.

"முப்பது நொடி. மூச்சு விடலாம், நகரக் கூடாது," என்று சொல்லி நிறுத்தினேன். முதல் தடவை காதைச் சொறிந்தார். இரண்டாம் தடவை அலை வந்து ஒரு செருப்பை இழுத்துக்கொண்டு போயிற்று. பின்னாலேயே ஓடுவார் என்று நினைத்தேன். ஓடவில்லை. நான் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். இருபதோடு எண்ண மறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மீதியை அவர் எண்ணி முடித்தார்.

மார்ச் 13
படத்தில் கூட்டமும் இல்லை, அலையும் இல்லை. பாறையும் அவரும்தான். எண்ணியதால் உதடு மட்டும் கலங்கியிருந்தது.

"வாயைக் காணோமே?" என்று அவரே கேட்டார்.

"ஒரு வாரமா அதைத்தான் தேடிட்டிருக்கேன்," என்றேன். சிரித்துவிட்டார். ஒற்றைச் செருப்பை எறிய விடமாட்டேன் என்கிறார்.

மார்ச் 21
ஸ்டூடியோவுக்கு அவரே வந்தார், சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு. வேலை விண்ணப்பத்துக்குப் போட்டோ வேண்டுமாம். நாற்காலியில் உட்கார வைத்து, ஒரே சொடுக்கில் எடுத்தேன். முடிஞ்சுது என்று சொன்ன பிறகும் அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.